என்னையும் பழித்துப் பாடினார்கள்

அந்த நாட்களில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். கடையில் பாண் கேட்கிறவரின் குரலும் கரகரக்கும், அதை எடுத்துக் கொடுக்கிறவரின் குரலும் கரகரக்கும். பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும் டீச்சர்கூட இஞ்சித் தேநீரை உறிஞ்சி உறிஞ்சித்தான் எங்கள் பெயர்களை வாசிப்பார். அம்மன் கோயில் முன்றலில் 'கொம்புமுறி' தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அறிவித்தல் தேவையில்லை.

வளைந்த வைரமான மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, இரண்டு பக்கமும் வடம் கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்களுக்குத் தோல்வி. வென்றவர்கள் முறியாத கொம்பைத் தூக்கிக்கொண்டு ஆடியாடி வந்து, தோற்றவர்களைப் பெயர் சொல்லி, நடை சொல்லி, யார் வீட்டில் சோறு அடிப்பிடித்தது என்பது வரைக்கும் சொல்லிப் பழித்துப் பாடுவார்கள். மற்ற நாளில் அப்படியொரு சொல் வாயிலிருந்து விழுந்தால் அடிதடிக்கு வேலிக்கதியால் பிடுங்குப்படும்; கோயில் முன்றலில் விழுந்தால் கேட்டவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும்.

அம்மனுடைய பக்கம் தென்சேரி, அவள் புருஷனுடைய பக்கம் வடசேரி. எங்கள் பகுதியில் மற்றதெல்லாம் தாய்வழிதான். குடி என்கிற குலம் தாயோடு வரும், வீடு மகளுக்குப் போகும். இந்தச் சேரி மட்டும் தகப்பன்வழியில் வருவது. அதனால் ஒரே வீட்டில் புருஷன் வடசேரியும் பெண்சாதி தென்சேரியுமாக இருப்பார்கள்; அந்தக் கிழமை முழுக்க அவர் கேட்கும் தேநீருக்குச் சீனி விழாது.

நான் இரண்டிலும் இல்லை. கலவர நாட்களில் படுவான்கரையிலிருந்து வாவியைத் தோணியில் கடந்து வந்த சனத்தோடு வந்த ஒருத்தி, துறையடியில் பிட்டு விற்றுக்கொண்டிருந்த செல்லம் மாமியின் மடியில் கைக்குழந்தையான என்னை வைத்து, "கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா, சாமான எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தோணியேறினாளாம். பிறகு வரவேயில்லை. அவள் என் தாயா, தாயின் தங்கையா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. கலியாணம் செய்யாமல் தனியாக இருந்த செல்லம் மாமி பிட்டுப் பெட்டியை ஒரு இடுப்பிலும் என்னை மறு இடுப்பிலுமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊர்ப் பிள்ளைகள் அவரை 'மாமி' என்றதால் நானும் மாமி என்றே பழகினேன்.

ஊர் என்னை நன்றாகத்தான் பார்த்தது. அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். மற்றப் பிள்ளைகள் மாங்காய்க்குக் கல்லெறிந்தால் காதைத் திருகினார்கள். நான் எறிந்தால், "பாவம், அது ஒண்டுமில்லாத பிள்ள" என்று மாங்காயையும் பிடுங்கிக் கையில் தந்தார்கள். சைக்கிள் கடை சின்னராசா மாமாவின் வாய்க்கு ஊரில் தப்பியவர் கிடையாது; வடசேரியின் தலைமைப் பாட்டுக்காரரே அவர்தான். அவரும் என்னைக் கண்டால் குரலைத் தணித்துக்கொண்டு, "சாப்பிட்டியா மகள்?" என்பார். அந்தத் தணிந்த குரல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சண்டை ஓய்ந்து கொஞ்சம் மூச்சுவிட்ட காலம் அது. நெடுநாளைக்குப் பிறகு கொம்புமுறி வைத்தார்கள். பெரியவர்களின் ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கொம்பு. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் தங்கள் பக்கத்துக்கு ஓடினார்கள். நடுவில் நின்ற என்னிடம் ஒருவர் தண்ணீர்ச் செம்பைத் தந்து, "நீ ரெண்டு பக்கத்துக்கும் தண்ணி குடு மகள்" என்றார். செம்பை வாங்கிக்கொண்டு அழுகையை விழுங்கினேன். அதைச் செல்லம் மாமி கண்டுவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், என் கையிலிருந்த செம்பைப் பறித்து, தந்தவரிடமே திருப்பி நீட்டினார். "இவள் தென்சேரி. வடத்துல விடுங்க" என்றார்.

கோயில் பெரியவர் வண்ணக்கர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "செல்லம், கோவிக்காத. சேரி தகப்பன்வழியிலதானே. இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ஆரெண்டு…"

"நான்தான்" என்றார் மாமி.

முன்றலில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்:

"காய்ச்சலுக்குத் தோள்ல போட்டுக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நடந்தது ஆரு? கூரை மேஞ்சது ஆரு? பள்ளியில தகப்பன வரச் சொன்னா போய் நிண்டது ஆரு? தாய்க்குள்ள வேலையும் செஞ்சன், தகப்பனுக்குள்ள வேலையும் செஞ்சன். எண்ட அப்பா தென்சேரி, நான் தென்சேரி, இவளும் தென்சேரி. இல்லெண்டு சொல்றவர் முன்னுக்கு வாங்க!"

முன்னுக்கு வர யாருக்குப் பைத்தியம்? வண்ணக்கர் தலையைச் சொறிந்தார். தென்சேரிப் பிள்ளைகள் வடத்தில் எனக்கு ஓர் இடம் விட்டார்கள். ஆனால் நம்பிக்கையில்லாமல், விருந்தாளிக்குக் கதிரை கொடுப்பதைப்போல விட்டார்கள். நான் பிடித்தேன். குதிக்கால் மண்ணில் புதையப் புதைய, உள்ளங்கை உரிய உரிய இழுத்தேன். 'டப்'பென்று கொம்பு முறிந்து, எல்லோரும் மல்லாக்க விழுந்தோம். முறிந்தது எங்கள் கொம்பு.

வடசேரி ஆர்ப்பரித்தது. சின்னராசா மாமா சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து, தோற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பழிக்கத் தொடங்கினார். சந்திரனுடைய மூக்கு, வதனியின் எண்ணெய்த் தலை, எல்லாம் பாட்டில் ஏறின. எனக்கு முன்னால் வந்ததும் நின்றார். போய்விடப் போகிறார், 'சாப்பிட்டியா மகள்' என்று கேட்டுவிட்டுப் போய்விடப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் மாமியை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எந்தத் தணிவும் இல்லாமல், கட்டிய தொண்டை கிழியப் பாடினார்:

"தேங்காப்பூப் பிட்டுத் திண்ட தென்சேரிக் கெளுத்திக் குஞ்சு,
கயித்துல தொங்குது பார், காத்தடிச்சா பறக்குது பார்!"

முன்றல் முழுக்கச் சிரித்தது. அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. மண்ணில் கிடந்தபடியே நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குள் தென்சேரிப் பெண்கள், என்னைப் பாவம் பார்த்து மாங்காய் தந்த அதே பெண்கள், கையை நீட்டி நீட்டி அவர்மேல் பாய்ந்தார்கள்:

"குஞ்செண்டு நினையாதேங்கோ, குத்தினாத் தெரியும் முள்ளு!
எங்கட குஞ்சு மச்சான், எட்ட நிண்டு பாடும் மச்சான்!"

எங்கட குஞ்சு. தோற்றுப்போன அன்று என்னளவுக்கு வென்றவர் அந்த ஊரில் யாருமில்லை. அடுத்த நாளே ஒருவர் வேலி மாங்காய்க்காக என் காதைத் திருகினார். வலித்தது, பெருமையாகவும் இருந்தது.

இப்போது கொம்புமுறி எப்போதாவதுதான் நடக்கிறது. ஒலிபெருக்கி வந்துவிட்டது. எவரையாவது பெயர் சொல்லிப் பாடினால் அடுத்த நிமிடமே கைத்தொலைபேசி வழியாக லண்டன்வரை போய்ச் சண்டையாகிவிடும் என்று, யாருக்கும் நோகாத பொதுவான பாட்டுகளாகப் பாடுகிறார்கள். சின்னராசா மாமாவைப் போல மூக்கையும் தலையையும் பாடுகிற ஆள் இல்லை.

போன முறை நானும் மாமியும் போய் நின்றபோது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளையாட்டை விளங்கப்படுத்திக்கொண்டிருந்த இளைஞன் எங்களைக் காட்டி, "இந்தா நிற்கிற அம்மாவும் மகளும் பரம்பரை பரம்பரையாகத் தென்சேரி" என்று அறிவித்தான். உண்மை தெரிந்த பழைய ஆட்கள் பலர் அங்கே இருந்தார்கள். வண்ணக்கரும் கதிரையில் இருந்தார். எவராவது திருத்துவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

வண்ணக்கர் வெற்றிலையை மென்றபடி என் பக்கம் தலையை அசைத்து, "ஓம், அவட அப்பாவும் தென்சேரிதான்" என்றார்.