பெராங்கான் காய்க்கட்டும்

என் சமையலறை ஜன்னல் விளிம்பில் முள் நிறைந்த காய்ந்த ஓடு ஒன்று கிடக்கிறது. பெருக்க வரும் பெண் அதைக் குப்பையில் போடப் பார்த்தாள், பிடுங்கி வைத்துக்கொண்டேன். பெராங்கான் காயின் ஓடு அது. பெராங்கான் என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டால் இங்கே எல்லோருக்கும் அந்தப் பெயருள்ள வாழைப்பழம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது காட்டு மரத்தை. அதன் கொட்டையை அவித்துத் தின்பார்கள். ஜன்னலில் இருப்பது கிள்ளானில் என் அக்காவின் குதிகாலில் ஏறிய ஓடு.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். நில அளவை வேலை, பாதி நாள் காட்டில். வீட்டிலிருந்தாலும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். எண்பதுகளில், இங்கே குடியேறியிருந்த எங்கள் யாழ்ப்பாணத்து உறவுகள் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப, அவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அம்மா இறந்தபின் நான் அவர்களோடுதான் இருந்தேன். அவர்கள் போய்விட்டால் எனக்கு யார்? வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட அந்தப் பயம் விடவில்லை.

அக்கா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அத்தான் காட்டிலிருந்து கொண்டுவந்து பின்கட்டில் ஊன்றிய கொட்டைகளில் ஒன்று முளைத்திருந்தது. அதைக் காட்டி, "இது காய்க்கட்டும், அதுக்குப் பிறகு போவம்" என்றாள். காட்டு மரம் லேசில் காய்க்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சரி என்றார்.

அன்றிலிருந்து அத்தானைப் பேய்போலப் பிடித்துக்கொண்டது அந்தக் கன்று. தான் உடுத்திய பழைய சாரத்தைக் கட்டி நிழல் போட்டார். கன்று மஞ்சளாகிச் சோர்ந்தபோது எந்த உரமும் பலிக்கவில்லை; காட்டிலிருந்து தாய்மரத்தடி மண்ணை பிஸ்கட் டின்களில் அள்ளி வந்து கொட்டினார். அந்த மண்ணில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருந்தது. அது இல்லாமல் இந்த வேர் பிழைக்காதாம். பக்கத்து வீட்டு அங்கிள் அந்த மண்ணோடு வந்த முள்ளோடுகளைப் பார்த்துவிட்டு, "ரம்புத்தான் லா இது, எனக்கும் ஒரு கன்னு குடுங்க" என்று விடாமல் கேட்டார். அத்தான் இலையைத் திருப்பிக் காட்டுவார். அடிப்பக்கம் செம்புப்பொடி பூசியதுபோல் மின்னும். ரம்புத்தானுக்கு அது கிடையாது. அங்கிள் கடைசிவரை நம்பவில்லை.

நான் அந்த மரத்தை வெறுத்தேன். ஒவ்வொரு கொழுந்தும் ஆஸ்திரேலியாவை ஓர் அடி கிட்டே இழுத்தது. பள்ளி விட்டு வந்ததும் பை வைக்கும் முன்பே பின்கட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். மரம் கூரையைத் தாண்டிய காலத்தில்தான் அத்தான் தேநீரை எடுத்துக்கொண்டு அதனடியில் போய் உட்காரத் தொடங்கினார். அவர் உட்கார்ந்ததே எங்களுக்கு அதிசயம்.

ஒரு காலையில் துணி உலர்த்தப் போன அக்கா குதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் ஏறியிருந்த முள்ளோட்டை நான்தான் பிடுங்கினேன். இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்; மேலே கொத்துக் கொத்தாகக் காய். கீழே வேறு ஒன்றுகூட இல்லை. மண்ணில் விளக்குமாற்றின் கோடுகள் ஈரம் காயாமல் இருந்தன. இதற்கு முன் ஒருநாளும் அத்தான் விளக்குமாறு எடுத்தவர் அல்ல.

பசியாறும்போது அக்கா கேட்டாள், "இன்னும் காய்க்கேல்லையோ?"

அவர் தோசையைப் பார்த்தபடி, "எங்க? பூவெல்லாம் கொட்டிப்போச்சு" என்றார்.

"சரி, காய்க்கட்டும்" என்று அக்கா தேநீரை ஊற்றினாள். நான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

அத்தான் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். அக்கா இன்னும் இருக்கிறாள். நான் கல்யாணமாகி வந்த பிரிக்பீல்ட்ஸில், இப்போது தனியாக, ஒன்பதாவது மாடியில். வாராவாரம் மெல்பர்னிலிருந்து என் மகன் தொலைபேசியில் கூப்பிடுகிறான், தனியாக இருந்தது போதும், வந்துவிடுங்கள் என்று. அவன் சொல்வதும் சரிதான். ஆனாலும் தொலைபேசியை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். போன மாதம் அக்காவின் மரத்தடியிலிருந்து ஒரு கொட்டையும் ஒரு டின் மண்ணும் கொண்டுவந்து பால்கனித் தொட்டியில் ஊன்றினேன். நேற்று மகனிடம், "ஒரு மரம் வச்சிருக்கிறன், அது காய்க்கட்டும்" என்றேன். எத்தனை நாளாகும் என்று கேட்டான். முள்ளோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிக நாளாகாது என்று சொன்னேன்.