விளக்கை மூடியும் அசைந்த ஊசி

போரால் ஊருக்கே மின்சாரம் நின்று மூன்றாம் வருடம். கொக்குவிலில் ஒரு வளவு வீட்டின் பின்னறைதான் எங்கள் ஆய்வுகூடம். அங்கே நானும் என்னைவிட மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவரும் வேலை செய்தோம். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

லொக்-இன் அம்பிளிபையர் ஒன்றை நாங்களே செய்திருந்தோம். மிக மெல்லிய வெளிச்சத்தை அளக்கும் கருவி அது. விளக்குக்கு முன்னால் துளை வெட்டிய தட்டு ஒன்றைச் சுழற்றினால் வெளிச்சம் விட்டுவிட்டு விழும். கருவி அதே வேகத்தில் துடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடும். தட்டு பால்மா ரின்னில் வெட்டியது, மோட்டர் பழைய ரேப் ரெக்கோடரில் கழற்றியது. எல்லாம் கார் பற்றரியில் ஓடின.

வெளிச்சத்தைச் செக்கனுக்கு ஐம்பது தரம் வெட்டக்கூடாது என்பது இந்த வேலை படித்த எல்லாருக்கும் தெரியும். வீட்டு மின்சாரத்தின் துடிப்பும் ஐம்பது. பக்கத்துக் கம்பிகளிலிருந்து அது கருவிக்குள் புகுந்துவிடும். எனக்கோ கொழுப்பு. கறண்டே இல்லாத ஊரில் என்ன பயம் என்று ஐம்பதிலேயே வைத்தேன். மோட்டரும் அந்த வேகத்தில்தான் ஒழுங்காக ஓடியது.

அன்று பின்னேரம் விளக்கைக் கறுப்புத் துணியால் மூடினேன். கருவியின் ஊசி பூச்சியத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெதுவாக வலப்பக்கம் போனது, திரும்பி இடப்பக்கம் வந்தது. நித்திரை கொள்ளும் ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவது போல இருந்தது. விளக்கையே கழற்றி வைத்தேன். அப்போதும் அசைந்தது.

“ஆரோ இதுக்குள்ளை நிக்கினம் போலை,” என்றார் அண்ணை.

“அப்ப வேப்பிலை ஒடிச்சுக்கொண்டு வாங்கோ.” பயத்தில் வந்த நக்கல் அது.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “வேப்பிலை உமக்குத்தான் வேணும். நான் கொடிக்குக் கம்பி வெட்டப் போறன்,” என்று கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வளவுக்குப் பின்னால் செத்துத் தொங்கிய மின்கம்பியை உடுப்புக் காயப்போட வெட்டுவது அப்போது ஊர் வழக்கம்.

நான் மோட்டரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஊசி படபடத்தது. ஐம்பதுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி மூச்சு விட்டது. அப்படியென்றால் ஐம்பதில் துடிக்கும் வேறேதோ பக்கத்தில் இருந்தது. கருவிக்குப் போகும் வயரைப் பின் யன்னல் பக்கம் நகர்த்தினேன், ஆட்டம் பெரிதானது. யன்னலுக்கு வெளியே மின்சாரப் போஸ்டும் அந்தக் கம்பியும். ஏணியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஓடினேன்.

“அண்ணை, கம்பியைத் தொடாதேங்கோ. அதிலை கறண்ட் இருக்கு.”

“மூண்டு வருசமா இல்லாத கறண்டோ?” ஏணி உச்சியில் நின்று சிரித்தார்.

கறண்ட் பட்டால் உள்ளே சின்ன விளக்கு எரியும் டெஸ்டர் ஒன்று சட்டைப்பையில் கிடந்தது, அதை மேலே எறிந்தேன். ஏந்தி, வேண்டாவெறுப்பாகக் கம்பியில் வைத்து, மற்றக் கையால் வெயிலை மறைத்தார். சிரிப்பு நின்றது. கீழிருந்தே எனக்குத் தெரிந்தது, டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு.

இறங்கி மண்ணில் குந்திவிட்டார். எந்த ஜெனரேட்டரை யார் அந்தக் கம்பியில் கொழுவினார்கள்? சுற்றியிருந்த வளவுகள் ஆளில்லாதவை. ஒரு இரைச்சலும் கேட்கவில்லை. அந்த நாட்களில் இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

“நேற்றும் ஏறினனான்,” என்றார். “ரெண்டு கையாலையும் பிடிச்சு இழுத்துப் பாத்தனான்.”

உள்ளே போனோம். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. வயர் யன்னலோரம் நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. ஊசி மட்டும் பூச்சியத்தில் அசையாமல் நின்றது.

கறண்ட் போய்விட்டது, இனிப் போய் வெட்டலாம் என்று அது சொல்வது போல இருந்தது. அண்ணை அந்தக் குறட்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.