இடக்கைத் துவக்கு

பழி வாங்க ஒரு துவக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில், ஒரு குடிபூரல் வீட்டில், பருப்புக் கறிச் சட்டியோடு நான் நின்றபோது. யாரையும் சுடுவதற்கல்ல. ஒரு மனிதரின் தட்டில் என் இடக்கையால் சாப்பாடு வைப்பதற்கு.

அந்த மனிதர் என் கணவரின் அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர். புதுவீடு அவருடையது. ஐயர் பால் காய்ச்சிவிட்டுப் போன கையோடு சனம் வரவேற்பறையில் வரிசையாகச் சம்மணம் கொட்டி இருந்தது, மடியில் காகிதத் தட்டுகள். நான் பிறவியில் இடக்கைக்காரி. அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் பூசியும், கட்டி வைத்தும், அடித்தும் எழுத்தை மட்டும்தான் வலக்கைக்கு மாற்ற முடிந்தது. மற்றதெல்லாம் அது இருந்த இடத்திலேயே இருந்தது. சபையில் கவனமாக இருப்பேன். அன்றைக்கு அவசரம். சட்டி வலக்கைக்கும் அகப்பை இடக்கைக்கும் போனது எனக்கே தெரியவில்லை.

பெரியத்தான் தட்டைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, கையை மாத்தும். பீச்சாங்கையாலையோ என்ர வீட்டு முதல் சோறு?"

"கவிதை எழுதிறவைக்கு எல்லாம் மாறித்தான் வரும்" என்றார் நான் கவிதை எழுதுவதை அறிந்த பக்கத்து ஆள். வரிசை முழுக்கச் சிரித்தது. என் கணவர் தன் அப்பளத்தை, முதல்முறை அப்பளம் பார்க்கிற ஆள் போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கையை மாற்றினேன். அவர் தட்டை மெல்ல இறக்கி, மன்னித்துவிட்டவரின் முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

அந்த முகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாப்பாடு முடிய ஆண்களை நிலவறைக்குக் கூட்டிப்போய் தன் இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு படியில் நின்றேன். அவருடைய பொழுதுபோக்கு, குறி பார்த்துச் சுடுகிற போட்டி. அலுமாரிக்குள் துவக்கு ஒன்றுதான், அதற்கு நகைநட்டுத்தான் ஏராளம். கண்ணுக்கு முன்னால் பூட்டுகிற ஊசித்துளை வில்லை, அதற்கு மஞ்சள், பச்சைக் கண்ணாடிகள். குழலின் நுனியில் வைக்கிற வளையங்கள், மோதிரப் பெட்டி போல ஒரு பெட்டியில், ஒன்றைவிட ஒன்று சின்னதாக. தோளில் கொளுவுகிற உலோகக் கொக்கி. விறைப்பான தோல் அங்கி. ஒவ்வொன்றையும் எடுத்து ஊதித் துடைத்து வைத்தார்.

"வருசா வருசம் கிளப்பிலை முதலாம் ஆள் நான்தான்" என்றார். "வெல்லுற ஆள்தான் மற்றவைக்கு வாஃபிள் சுட்டுப் பரிமாற வேணும். தலைக்கனம் வரக்கூடாதெண்டு அவையள் வைச்ச வழக்கம். இத்தினை வருசமா வெள்ளையள் என்ர கையாலைதான் திண்டதுகள்."

படியில் நின்ற நான் தட்டை நிமிர்த்திப் பிடித்தேன். வழி திறந்துவிட்டது.

அந்த வருடங்களில் ஒஸ்லோவில் எங்கள் சனம் சந்திக்கும் இடமெல்லாம் இலங்கையில் வரப்போகிற சமாதானம் பற்றித்தான் கதை. நோர்வே நடுவில் நிற்கிறது, இனி எல்லாம் சரிவரும் என்று ட்ராமிலும் சொன்னார்கள், கோயிலிலும் சொன்னார்கள். நான் மட்டும் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு நின்றபடி என் சின்னஞ்சிறு யுத்தத்தை வளர்த்தேன். பிள்ளை வளர்க்கிற மாதிரி, நேரத்துக்கு நேரம் ஊட்டி.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்" என்றார் கணவர். "நீர் அதைத் தேடிப் போறீரோ?"

"ஓம்" என்றேன். "நீங்கள் அப்பளத்தைப் பாத்துக்கொண்டிருங்கோ."

கிளப் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில், குண்டுவீச்சுக்குப் பதுங்கக் கட்டிய அறையில் இருந்தது. எங்கள் ஊரில் நாங்கள் வெட்டிய பதுங்குகுழியின் பணக்காரத் தமக்கை. சாவி வைத்திருந்தவள் ட்ராம் ஓட்டுகிற நோர்வேக்காரி, என் வயது. என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு இடையில் ஒரு சின்ன ஓட்டை விட்டு அதற்குள்ளால் விளக்கைப் பார்க்கச் சொன்னாள். எந்தக் கண் முந்துகிறது என்று அறிய அது ஒரு வழியாம். பிறகு சிரித்தாள்.

"கண்ணும் இடது, கையும் இடது. உனக்காகத்தான் ஒன்று வருடக்கணக்காகத் தூசி தின்கிறது."

உள்ளே போய் ஒரு துவக்கைக் கொண்டுவந்தாள். கண்ணாடிக்குள் பார்த்த துவக்கு மாதிரி இருந்தது. குண்டு ஏற்றுகிற கைப்பிடி இடப்பக்கம். தோளில் முட்டுகிற அடிக்கட்டையில், அதாவது பிடங்கில், கன்னம் பொருந்துகிற மேடு வலப்பக்கம். பிடங்கு என்ற சொல் எனக்கு அடியாகத்தான் தெரியும். ஊரில் அது சனத்தின் முதுகில் விழுவது. அதில் கன்னம் வைக்கலாம், வைத்து மூச்சைக் கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். வைத்தேன். என் எலும்புக்கென்றே யாரோ செதுக்கிய மேடு. உலகத்தில் ஒரு பொருளாவது என்னை மாற்றச் சொல்லாமல் எனக்காக மாறி நின்றது.

தோல்வாரை வலக்கையில் இறுக்கினாள் அவள். கையுறையும் வலக்கைக்கே. பாரத்தைக் கீழே தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. விசையில் இருப்பது இடக்கை. சபையில் மரியாதைப்பட்ட சோத்துக்கை இங்கே வெறும் முண்டுத்தடி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

பெரியத்தான் என்னைக் கண்ட முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"பிழையான பக்கம் பிறந்த துவக்கு, பிழையான பக்கம் பிறந்த ஆள். நல்ல பொருத்தம்."

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து கால் கடுக்க வந்து, குளிர்ந்த சீமெந்தில் குப்புறப் படுத்து, வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் கறுப்புப் பொட்டு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பொட்டு ஒருநாளும் அவர் முகமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு தட்டு. நெஞ்சோடு அணைத்த வெள்ளைக் காகிதத் தட்டு. ஒவ்வொரு முறையும் அது கீழே இறங்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

இரண்டாவது பனிக்காலக் கடைசியில் போட்டி. பெரியத்தான் புது வளையத்தோடு வந்தார். இருந்தவற்றில் ஆகச் சின்னது. அதன் இடுக்கால் பொட்டைப் பார்த்தால் மயிரிழை தவறினாலும் தெரியுமாம். ஆனால் ட்ராம்காரி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். நாற்பது தாண்டிய கண்ணுக்கு வளையம் பெரிதாகத்தான் இருக்கவேண்டும். இறுக்கமான வளையத்தில் பொட்டு கரைந்து சாம்பலாகும், களைத்த கண் எல்லாம் சரி என்று பொய் சொல்லும். அதோடு குலுக்கலில் அவருக்கு விழுந்த இடம் ஓரத்து மங்கல் விளக்கின் கீழ்.

"எப்பிடி?" என்று வளையத்தைக் காட்டினார்.

"வடிவா இருக்கு பெரியத்தான்" என்றேன்.

படுத்தார். முதல் குண்டுகள் நடுவில் விழுந்தன. போகப் போகக் கண்ணை மூடித் திறந்தார். பச்சைக் கண்ணாடியைக் கழற்றி மஞ்சளைப் போட்டார். கொக்கியை ஏற்றினார், இறக்கினார். அலுமாரி முழுவதும் அவருக்குத் துணை வந்தும் பொட்டு கரைந்துகொண்டே போனது. என்னிடம் மாற்ற ஒன்றுமில்லை. கன்னம், மூச்சு, தட்டு. தட்டு இறங்கியது, விரல் அசைந்தது.

ஒரு புள்ளியால் வென்றேன். ஒன்று போதும்.

ட்ராம்காரி மாவுச் சட்டியை என்னிடம் தந்தாள். வாஃபிள்களைச் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி வைத்து, நீள மேசையில் ஒவ்வொருவருக்கும் பரிமாறினேன். எல்லாருக்கும் இடக்கையால்தான். வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன், அது மறந்தும் உதவிக்கு வரக்கூடாது என்று. அவர்களுக்கு அது ஒரு கை, அவ்வளவுதான். நன்றி சொல்லித் தின்றார்கள்.

கடைசியில் பெரியத்தானுக்கு முன்னால் நின்றேன்.

அவர் தட்டு மேசையில் கிடந்தது. அதைத் தொட்டார், தூக்கவில்லை. இத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால் நெஞ்சோடு அணைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் காரணத்தைச் சொல்ல நோர்வே மொழியில் ஒரு சொல்லும் இல்லை.

"வயிறு சரியில்லை" என்றார் தமிழில், மெதுவாக. "கையை மாத்தும், பிள்ளை."

நான் மாற்றவில்லை. வாஃபிளை அவர் தட்டில் வைத்தேன்.

"எடு, ஆறிப்போகிறது" என்றாள் ட்ராம்காரி அவரிடம். "தோற்றவர் மிச்சம் விடக்கூடாது."

மேசை சிரித்தது. என்ன அருமையான சிரிப்பு அது. பெரியத்தானும் சிரிக்கவேண்டியதாயிற்று. நான் வைத்ததைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு, எங்கள் பந்திகளில் கேட்கிற அதே உபசாரக் குரலில், குனிந்து கேட்டேன்.

"இன்னொண்டு போடட்டோ, பெரியத்தான்?"

வேண்டாம் என்று தலையாட்டினார். எங்கள் பந்தியில் வேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள். அதே கையால் போட்டேன்.