கெசியா வீட்டுக் கூஜாவின் பின்னால் இருந்த பொட்டலம்

கெசியா போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன்.

அவள் பீப்பாய் செய்கிறவரின் மனைவி. எங்கள் துறைமுகத்தில் எதற்கெடுத்தாலும் முதல் ஆள். எங்களைக் கேட்காமல் சீமை ராஜா வரி போட்ட தேயிலையைத் தொடமாட்டோம் என்று பெண்கள் கையெழுத்துப் போட்டபோதும் முதல் பெயர் அவளுடையது. என் பெயர் பதினேழாவது. பாதிரியார் வீட்டில் நூல் நூற்கக் கூடினால், அவள் நூலைத்தான் தூக்கிப் பார்த்துப் புகழ்வார்கள். என் நூலை எவளும் திரும்பிப் பார்த்ததில்லை.

விட்டேனா? "செத்தாலும் சரி, அந்தத் தேயிலை இந்த டார்கஸ் தொண்டையில இறங்காது" என்று கூட்டத்தில் எழுந்து சபதம் போட்டேன். அன்று ஒருநாள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் காய்ச்சல் என்னைப் படுக்கையில் தள்ளியது. என் கணவர் மீன்பிடிக் கப்பலில் போயிருந்தார். எது குடித்தாலும் வாந்தி. கெசியாதான் தினமும் வந்து ராஸ்பெரி இலைக் கஷாயம் என்று சொல்லிப் புகட்டினாள். மூக்கடைப்பில் வாசனை தெரியவில்லை, ஆனால் அது மட்டும் வயிற்றில் தங்கியது. கஷாயத்தைக்கூட இவள்தான் நன்றாகப் போட்டுத் தொலைக்க வேண்டுமா என்று எரிந்துகொண்டே குடித்தேன்.

உடம்பு தேறியதும் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில், காப்பிக் கூஜாவின் பின்னால் ஒரு துணிப் பொட்டலம். பிரித்தால் கறுப்புத் தேயிலை. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தேயிலை வைத்திருப்பவர்களின் பெயரைப் பத்திரிகையில் போட்டு ஊரே ஒதுக்கிவைத்த காலம் அது.

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். மறுநாள் நூற்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேசையில் போட்டேன். ராட்டினங்கள் நின்றன. ஊரில் தேயிலை நுழையாமல் பார்த்துக்கொள்ளும் கமிட்டியைச் சேர்ந்த வார்ட்வெல் ஐயாவும் அங்கே இருந்தார்.

"இதுக்குக் கமிட்டி அனுமதிச் சீட்டு இருக்கே, நோயாளிக்குன்னு" என்றார் அவர். "நான்தானே கையெழுத்துப் போட்டேன்." தன் பையைத் திறந்து நகலைத் தேடினார்.

கெசியாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்கய்யா. படிக்காதீங்க. என் பேரையே பத்திரிகையில போட்டுக்குங்க."

"சீட்டு இருந்தா படிக்கட்டுமே. ஏன்டி மறைக்கிற?" என்றேன் நான்.

அவர் படித்தார். வைத்தியர் கேட்டுக்கொண்டபடி, உயிருக்குப் போராடும் டார்கஸ் டிங்லிக்குக் கால் ராத்தல் தேயிலை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா குடிச்சிருப்பியாக்கா? ஊர் முன்னாடி சபதம் போட்டவளாச்சே. இதுல ரெண்டாவது கோப்பை வேற கேட்டு வாங்கிக் குடிச்ச" என்று சிரித்தாள்.

அதன்பின் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தோம். அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை. அவளுக்குக் கிடைக்காத ஒன்று என்னிடம் இருந்தது என்றால், அது அந்த வார்த்தை மட்டும்தான்.