அம்ஹாரிக்கில் ஒன்பது மணி

அஸ்காலெயிடம் இத்தாலியனில் பேசினால் இத்தாலி மணி. எங்கள் மொழியான அம்ஹாரிக்கில் பேசினால் எங்கள் எத்தியோப்பிய மணி. ரோமுக்கு வந்து தலை நரைத்த பிறகும் அவள் இதை மாற்றவில்லை. "பொழுது விடிஞ்சப்புறம் எண்ணுறதுதான் மணி. ஊரே தூங்குற நடுராத்திரியில எவன் எண்ண ஆரம்பிப்பான்?" என்பாள். ஆகவே இத்தாலிக்காரரின் காலை ஒன்பது அவளுக்கு மூன்று. அவர்களின் பிற்பகல் மூன்றுதான் அவளுக்கு ஒன்பது.

படுத்த படுக்கையான கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு பிழைத்தவள். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடு, அலைச்சல் மிச்சம் என்று வேலை பார்த்த வீட்டிலெல்லாம் சொன்னார்கள். "எனக்கு நாடு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போய்விடுவாள்.

அவளுடைய அண்ணன் சொந்த ஊரான கோண்டாரில் இறந்துபோனார். நாற்பதாம் நாள் விருந்துக்கு அவள் போயாக வேண்டும். அன்று ராத்திரி விமானம். புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட்டோ எங்கள் தூதரகத்தில். அங்கிருந்து அதிகாரி தெமிஸ்ஸே முந்தின நாளே போன் செய்திருந்தார், அம்ஹாரிக்கில்தான்: "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து வாங்கிக்குங்கம்மா."

அஸ்காலெ கறுப்புத் துணி உடுத்தி, ஒன்பது மணிக்குச் சரியாகப் போய் நின்றாள். இத்தாலிக்காரரின் பிற்பகல் மூன்று. காவலாளி கிர்மா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ் எப்பவோ மூடியாச்சுக்கா. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நீ வாடா, கோண்டாருக்கு. விருந்துல உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்."

கேட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள். கிர்மாவால் சாத்த முடியவில்லை.

"காலை எடுங்கக்கா, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க."

"இந்தக் கால் எத்தியோப்பியாவுல இருக்கு. சொந்த நாட்டைவிட்டு என்னைத் தள்ளுவியா? தள்ளு பார்க்கலாம்!"

சத்தம் கேட்டுத் தெமிஸ்ஸே கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்குக் கிளம்பியவர்.

"காலையிலேருந்து உங்களுக்காகக் காத்திருந்தேம்மா. ஒன்பது மணின்னு தெளிவாத்தானே சொன்னேன்?"

"சொன்னே. எந்த மொழியில சொன்னே?"

"அம்ஹாரிக்ல."

"அப்ப வந்திருக்கேன்ல?"

"இங்கே ஆபீஸ் நடக்குறது இத்தாலி மணிக்கும்மா. முப்பது வருஷமா இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

"வெளியே நடக்கட்டும். உள்ளே பறக்குறது யார் கொடி? சரி, அதை விடு. உங்கம்மா போன் பண்ணி மணி கேட்டா என்ன சொல்லுவே? இப்ப மணி என்ன, அம்ஹாரிக்ல சொல்லு."

தெமிஸ்ஸே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"ஒன்பது தாண்டி அஞ்சு நிமி..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கிர்மா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"அஞ்சு நிமிஷம் உன் காவல்காரனால போச்சு," என்றாள் அஸ்காலெ. காலை மட்டும் எடுக்கவில்லை.

தெமிஸ்ஸே கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பிப் போனார். பூட்டிய அலமாரி திறக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டும்மா. ஆனா அடுத்த தடவை இத்தாலி மணிக்கு வாங்க."

அஸ்காலெ அதைத் துணிக்குள் செருகிக்கொண்டு, அப்போதுதான் காலை வெளியே எடுத்தாள்.

"அப்படின்னா அடுத்த தடவை இத்தாலியன்ல கூப்பிடு."