சொல்லக் கூடாத நோய்

‘பேதியில போவான்’ என்று திட்டாத தாய் எங்கள் ஏரல் பக்கத்தில் கிடையாது. சாப்பிட வராத பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் வாயும் கூசாது, பிள்ளையும் சிரித்துக்கொண்டே வந்து உட்காரும். அந்த ஆடியில் ஆற்றோடு வாந்திபேதி இறங்கி வந்ததும் எல்லா வாயும் அடைத்துப் போயின. பேர் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம். ‘அது’ என்றோம். தெருவில் சாவு விழுந்த பிறகு ‘அது’ என்றாலே ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். ‘வந்தது’ என்று மாற்றினோம். பிறகு அதையும் விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் கையை மட்டும் காட்டினோம்.

என் கணவர் மிஷன் பள்ளி வாத்தியார். ஜெபம் பண்ணுகிற வீட்டில் சொல்லுக்கெல்லாம் பயப்படுவதில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அவர் பாளையங்கோட்டைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என் சின்ன மகள் வாந்தியெடுத்தாள். வயிற்றாலேயும் போனது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மருந்து மிஷன் கோயில் உபதேசியாரிடம் இருந்தது. கொஞ்சமே மிச்சம் என்பதால், இன்ன நோய் என்று வீட்டார் வாயால் சொன்னால்தான் கொடுப்பார். சொன்னாலோ தெரு எங்களைக் கிணற்றடிக்குக்கூட விடாது. ஆள் அனுப்பி அவரை வரவழைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிராதிய மைனி. சூடுன்னு சொல்லுங்க. பைய சரியாயிரும்.”

உபதேசியார் வாசலிலேயே நின்றார். “பிள்ளைக்கு என்னம்மா செய்யுது?”

பிள்ளைக்குக் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. “பேதி!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கையை உதறிக்கொண்டு ஓடினாள். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

மருந்து கிடைத்தது, பிள்ளை பிழைத்தாள். ஆனால் எங்கள் தெருவுக்கு நோயைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்ததே!

மறு வருஷம் ஏரல் சந்தையில், எங்களை முன்பின் பார்த்திராத உவரி மீன்காரி ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க ஊர்லயும் வாத்தியார் வீட்டு நோவு வந்துட்டு. அங்கன யாரும் போவாதிய.”

“எந்த வாத்தியார்?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? நோவுக்குப் பேரே அதுதான்.”

“எங்க அய்யாதான் வாத்தியாரு” என்று பெருமையாக ஆரம்பித்தாள் என்னோடு வந்திருந்த சின்ன மகள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.