தொண்ணூறு நாளும் பசியாறினோம்

உடற்பயிற்சி நிலையத்தில் ஓயாமல் உழைப்பது டிரெட்மில் அல்ல, தொலைபேசி. சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்து ஊரான கூலாயில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஜிம்மில் அந்தத் தொலைபேசியைப் பிடித்திருப்பவள் நான். விளையாட்டு அறிவியல் படித்து, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, வராத உறுப்பினர்களைக் கூப்பிட்டு ஊக்கம் கொடுக்கிறேன். ஜனவரியில் சேர்ந்து, பிப்ரவரியில் என் எண்ணைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தவர்களே, இது நம் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ் சொல்லிவிட்டார்: தொண்ணூறு நாள் சவாலில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு எடை குறைந்தால் என் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இல்லை. அப்பாவோ அதற்குள் பாலோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, மகள் ஜிம்மில் ஆபிசர் என்று சொல்லியாயிற்று.

நாற்பத்திரண்டு படிகள்

செல்வி ஆண்ட்டி செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முதல் நாள் படியேறி வந்தவர் என் முன்னால் இருந்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஆண்ட்டி, பயிற்சி உள்ள இருக்கு" என்றேன், தயங்கித் தயங்கி. அவர் வாசலில் நின்று திரும்பினார்.

"நாப்பத்திரெண்டு படி ஏறி வந்தது எக்ஸர்சைஸ் இல்லன்னா, ஒரு லிஃப்ட் வச்சிருக்கலாம்லம்மா?"

இலவச வியர்வை

தினமும் காலையில் எல்லாருக்கும் ஓர் ஊக்க வாசகம் அனுப்ப வேண்டும் என்பது பாஸின் உத்தரவு. 'இன்றைய வியர்வை நாளைய வெற்றி' என்று அனுப்பிய அன்று, மூன்று வாரமாக வராத குணா அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எல்லை தாண்டும் ஜேபி பாலத்தில், குடிநுழைவு வரிசையில் நின்றபடியே பேசினார். பின்னால் யாரோ யாரையோ இடித்துவிட்டு 'சோரி லா' என்றது கேட்டது.

"தங்கச்சி, உனக்கு வியர்வதானே வேணும்? ஜேபி பாலத்துக்கு வந்து பாரு, ஓசியிலயே ஊத்துது."

சுவரில் இருப்பவர்

வாசலில் ஆளுயரப் படம் ஒன்று உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய பாஸ், எண்ணெய் தடவிய மார்போடு. சவாலில் சேர்ந்த ஒருவர் அது யார் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. மேசையில் தொப்பை இடிக்க உட்கார்ந்து தேங்காய்ப்பால் மணக்கும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினேன். அன்றோடு பன்னிரண்டு பேர் பதினோரு பேர் ஆனார்கள்.

"அவருக்கே இந்த நெலமன்னா எனக்கு என்னங்க கேரண்டி?"

காலி கட்டம்

ஐம்பதாம் நாள் எடை பார்த்தோம். செல்வி ஆண்ட்டி இரண்டு கிலோ கூடியிருந்தார். அவருடைய உணவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'இன்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே, காலை: இல்லை. மதியம்: ஒரு கப் சோறு, கீரை. மாலை: இல்லை. இரவு: இல்லை. ஐம்பது நாளும் இதே. சாமியார்கூட இப்படி இருக்கமாட்டார். பொய் எழுதுகிறார் என்றே முடிவு செய்தேன். கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தேன்.

"ஆண்ட்டி, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. இப்பத்தான் பசியாறிட்டு வந்து உக்காந்தேன்."

என்ன என்று கேட்டேன். பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாய், தே தாரிக் என்று ஒரு பால் டீ. நேற்று நாலு மணிக்கு எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், இரவுக்கு மீ கோரெங் நூடுல்ஸ். எல்லாம் பசியாறல். எங்கள் வீட்டிலும் சோறு இறங்கினால்தான் அது சாப்பாடு, மற்றதெல்லாம் பசியாறுவதுதான். அந்த ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கியவள் நான். நான்கு வருடம் வளர்சிதை மாற்றம் படித்தவள், என் அம்மா தினமும் கேட்கும் 'பசியாறிட்டியா?' என்ற கேள்வியை மறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லன்னு இத்தன நாளு நிம்மதியா இருந்தேன், அதையும் கெடுத்துட்டியே!"

தொண்ணூறாம் நாள்

'பசியாறியது' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மறுவாரமே பதினோரு பேரும் கூடுதல் தாள் கேட்டார்கள். குணா அண்ணன் படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். எடை மட்டும் அசையவில்லை. கடைசி நாள் நானே பாஸிடம் போய், பாதி நாள் வீணானது என் மொழிபெயர்ப்பால் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான், ஆனால் தூக்கம் வரவில்லை. அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். எதிரே பிரித்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பார்த்தார்.

"அப்ப இதுவும் கணக்குல வருமா?" என்றார்.

"வரும் பாஸ்."

பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு என் ஃபைலை எடுத்து ஏதோ எழுதி நீட்டினார். நிரந்தரமும் இல்லை, நீக்கமும் இல்லை. புரொபேஷன் இன்னும் மூன்று மாதம்.

"இனிமே உனக்கும் தொண்ணூறு நாள் சவால்தான், தங்கச்சி."

அந்தச் சவாலில் உண்மையிலேயே எடை குறைந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான்: அப்பாவிடம் என்ன சொல்வது என்ற கவலையில் எனக்கு மூன்று கிலோ.